வாராந்திர எலும்பு மாத்திரை: காலையில் தைராய்டு மாத்திரை, காபி, வெற்றிலையோடு எப்படிப் பொருத்துவது?

வைகைக்கரை (கேள்வி)

அம்மாவுக்கு 66 வயது, எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய்) இருக்கிறது. மாதவிடாய் நின்று 17 வருடம் ஆகிறது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் (அடர்த்தி அளவு) முதுகெலும்பில் -3.1, இடுப்பில் -2.7. இதுவரை எலும்பு முறிவு எதுவும் இல்லை. ரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது, சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் 0.8. வைட்டமின் டி மட்டும் குறைவு, 14.

மருத்துவர் எழுதிக் கொடுத்தவை: அலெண்ட்ரோனேட் (எலும்பு மாத்திரை) 70 மி.கி. வாரம் ஒன்று. வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட் வாரம் ஒன்று வீதம் 8 வாரம், பிறகு மாதம் ஒன்று. கால்சியம் 500 தினமும் ஒன்று. ஏற்கெனவே காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின் 50 (தைராய்டுக்கு), பான்டோபிரசோல் 40 (வயிற்று அமிலத்தைக் குறைக்க), டிபன் முடிந்ததும் அம்லோடிபின் 5 (ரத்த அழுத்தத்துக்கு) போகின்றன.

என் சந்தேகங்கள்:
1. வெறும் வயிற்று மாத்திரை மூன்று ஆகிவிட்டது. எது முதலில், எவ்வளவு இடைவெளி?
2. அம்மா 5 மணிக்கு எழுந்ததும் வெற்றிலை போடுவார், 6 மணிக்கு காபி. இவற்றால் மருந்து கெடுமா?
3. ஒரு வாரம் மறந்துவிட்டால்?
4. கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, எடுக்க வேண்டும் என்றிருக்கிறார்கள். மாத்திரை ஆரம்பித்துவிட்டு எடுக்கலாமா?
5. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கும்போது இந்தச் சிரமம் எதற்கு என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அதற்கே மாறிவிடலாமா?

---

மருந்தாளுநர்_நாகை

வணக்கம் சகோதரி. மருந்துக்கடைப் பக்கத்திலிருந்து முதல் மூன்றுக்குச் சொல்கிறேன்.

முதல் வேலையாக மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அலெண்ட்ரோனேட்டுக்கு எதிரே 1-0-0 (காலை மட்டும் ஒன்று) என்று போட்டு, ஓரத்தில் சின்ன எழுத்தில் 'வாரம் ஒருமுறை' என்றிருக்கும். மற்றதெல்லாம் தினசரி மாத்திரை என்பதால், பெரியவர்கள் இதையும் தினமும் போட்டுக்கொள்ளும் ஆபத்து நிஜமாகவே உண்டு. 70 மி.கி. தினமும் போனால் உணவுக்குழாய் புண்ணாகும், ரத்தத்தில் கால்சியம் இறங்கும். பெரும்பாலும் அட்டைக்கு 4 மாத்திரைதான், அதாவது 4 வாரத்துக்கு. ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் மார்க்கர் பேனாவால் தேதி எழுதி, தினசரி மாத்திரை டப்பாவில் போடாமல் தனியாக வையுங்கள்.

நாள் தேர்வு: வீட்டில் அவசரமில்லாத ஒரு காலையாக இருக்கட்டும். ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம். வைட்டமின் டி பாக்கெட்டை அதே நாளில் வைக்காதீர்கள், புதன் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். காரணம் இதுதான்: பாக்கெட்டைப் பாலில் கலந்து குடிக்கச் சொல்வது நம் ஊர் வழக்கம். இரண்டும் 'வாரம் ஒன்று' என்பதால் ஞாயிறு காலை மாத்திரையை வாயில் போட்டு அந்தப் பாலையே மேலே குடித்துவிடுவார்கள். அந்த வார மாத்திரை வீண்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், இந்த மருந்து குடலில் உறிஞ்சப்படுவதே மிகச் சொற்பம். வெறும் வயிற்றில் முறையாகப் போட்டாலும் உள்ளே சேர்வது சுமார் 0.6 சதவீதம். காபியோடு போட்டால் அந்தச் சொற்பத்திலும் ஏறக்குறைய 60 சதவீதம் போய்விடும். சாப்பாட்டோடு போட்டாலோ, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டாலோ கிட்டத்தட்ட ஒன்றுமே சேராது. கால்சியம், இரும்பு, மெக்னீசியம் எது வயிற்றில் இருந்தாலும் மருந்து அதோடு ஒட்டிக்கொண்டு அப்படியே வெளியேறிவிடும்.

வெற்றிலை கேள்வியை நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. யாரும் கேட்பதில்லை. சுண்ணாம்பு முழுக்க முழுக்கக் கால்சியம். மாத்திரை நாளில் முதல் வெற்றிலை, மாத்திரை போட்டு ஒரு மணி நேரமாவது கழித்துத்தான். அதேபோல சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம் மாதிரி சித்த மருந்து ஏதாவது காலையில் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். அவையும் சுண்ணாம்புச் சத்துதான். அவற்றை மதியத்துக்குத் தள்ளுங்கள், மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஞாயிறு காலை இப்படிப் போகட்டும்:

5.00: வாய் கொப்பளித்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து (நின்றாலும் சரி) மாத்திரையை ஒரு பெரிய டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். 200 மி.லி.க்குக் குறையக் கூடாது. காபி டம்ளர் சின்னது, அது போதாது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் சரி. உப்புப் படியும் போர் தண்ணீர், சீரகத் தண்ணீர், எலுமிச்சைத் தண்ணீர், மோர் எதுவும் வேண்டாம். மாத்திரையை உடைக்காமல், மெல்லாமல், சப்பாமல் விழுங்க வேண்டும். வாயில் கரைந்தால் வாயும் தொண்டையும் புண்ணாகும்.

5.30: தைராக்ஸின், தண்ணீரோடு. தினமும் காபிக்கு முன்னால் எவ்வளவு நேரம் விடுகிறீர்களோ அதே இடைவெளியை ஞாயிறும் விடுங்கள். அரை மணிக்குக் குறைய வேண்டாம், ஒரு மணி என்றால் இன்னும் நல்லது. இந்த வரிசையைத் தைராய்டு பார்க்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

6.00: பான்டோபிரசோல்.

6.30: காபி, டிபன். அதன்பின் அம்லோடிபின். வெற்றிலையும் இனி போடலாம்.

மாத்திரை போட்ட பிறகு குறைந்தது அரை மணி நேரம், அன்றைய முதல் ஆகாரம் உள்ளே போகும்வரை, படுக்கக் கூடாது. 'ஒரு மாத்திரைதானே' என்று போட்டுவிட்டு மறுபடி போய்ப் படுப்பதில்தான் உணவுக்குழாய் புண் பெரும்பாலும் வருகிறது. குனியும் வேலைகளையும் அந்த நேரத்தில் தள்ளி வையுங்கள்: வாசலில் குனிந்து கோலம் போடுவது, துடைப்பத்தால் பெருக்குவது, பூஜை அறையில் விழுந்து கும்பிடுவது. நின்றபடி செடிக்குத் தண்ணீர் விடலாம், நடக்கலாம், உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். இரவு படுக்கும்முன் போடுவது, எழுந்திருக்காமல் படுக்கையிலேயே போடுவது இரண்டும் கூடவே கூடாது.

மறந்துவிட்டால்: ஞாயிறு மறந்து செவ்வாய் ஞாபகம் வந்தால் புதன் காலை ஒன்று. அடுத்தது வழக்கம்போல் வரும் ஞாயிறே. ஒரே நாளில் இரண்டு போட்டு ஈடுகட்டக் கூடாது. காபி குடித்த பிறகு ஞாபகம் வந்தாலும் அன்று வேண்டாம், மறுநாள் காலை போடுங்கள்.

கால்சியம் மாத்திரையைக் காலையிலிருந்து நகர்த்திவிடுங்கள். அட்டையில் 'கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.' என்றிருந்தால் அதில் உண்மையான கால்சியம் 500 மி.கி. கார்பனேட் வகையை மதியச் சாப்பாட்டோடு போட வேண்டும், அது கரைய வயிற்று அமிலம் தேவை. அம்மா தினமும் பான்டோபிரசோல் எடுப்பதால் அமிலம் குறைவாகத்தான் இருக்கும். சிட்ரேட் வகைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தைராக்ஸினுக்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும் என்பதாலும் மதியம்தான் வசதி.

மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை போடும் பழக்கம் இருந்தால், ஞாயிறு அன்று அதைத் தவிர்ப்பது வயிற்றுக்கு நல்லது.

---

பல்மருத்துவம்_சேலம்

நான்காவது கேள்விக்கு மட்டும்.

ஆடுகிற பல்லை மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். பல் எடுத்த இடம் ஈறு மூடி ஆற சில வாரம் ஆகும். இத்தனை வருடம் மருந்தில்லாமல் இருந்த எலும்புக்கு அந்தச் சில வாரத்தில் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. கையோடு முழு வாய்க்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்து, எடுக்க வேண்டிய வேறு வேர் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள்.

பயப்படுகிற விஷயம் தாடை எலும்பு அழுகல். பல் எடுத்த இடத்தில் 8 வாரம் கடந்தும் ஈறு மூடாமல் எலும்பு வெளியே தெரிந்துகொண்டே இருக்கும். எலும்புப்புரைக்குத் தரும் அளவில் இது மிக அரிது. ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் லட்சத்தில் ஒருவருக்கும் இடைப்பட்ட விகிதம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். புற்றுநோய்க்கு மாதாமாதம் பெரிய அளவில் இதே வகை ஊசி போடுகிறவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வாராந்திர மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. இடுப்பு எலும்பு முறிவு அதைவிடப் பல மடங்கு சாதாரணமாக நடக்கிற, பல மடங்கு கொடிய விஷயம்.

மருந்து தொடங்கிய பின் பல் சுத்தம் செய்வது, பல் அடைப்பது, வேர் சிகிச்சை எதற்கும் தடையில்லை. பல் எடுப்பது, இம்பிளான்ட் வைப்பது என்றால் மட்டும் என்ன மருந்து, எத்தனை வருடமாக என்று பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அம்மா பல் செட் போடுகிறவர் என்றால் அது உறுத்திப் புண்ணாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல் எடுக்காமலே அந்தப் புண்ணிலிருந்தும் தாடை அழுகல் தொடங்கலாம். வெற்றிலையோடு புகையிலை சேர்க்கிறாரா? சேர்த்தால் அதை நிறுத்த இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

---

எலும்பு_ஹார்மோன்_மதுரை

ஐந்தாவது கேள்விக்கு வருகிறேன். இதில் சறுக்கினால் விளைவு மோசமாக இருக்கும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆறு மாத ஊசி என்று அவர்கள் சொல்வது டெனோசுமாப் 60 மி.கி. நல்ல மருந்து. தோலுக்கடியில் போடுவது, வயிற்றுத் தொல்லை இல்லை, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் தரலாம். ஆனால் அது எலும்பில் தங்காது. அலெண்ட்ரோனேட் எலும்புக்குள் போய் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும், நிறுத்தினாலும் அதன் பலன் மெல்லத்தான் வடியும். டெனோசுமாப் ஆறு மாதம் முடிந்ததும் விலகிவிடுகிறது. அதுவரை அடங்கிக் கிடந்த எலும்பு அரிக்கும் செல்கள், அணை திறந்த வெள்ளம் போல் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்குகின்றன. சேர்ந்த எலும்பு அடர்த்தி ஓரிரு வருடத்தில் கரைந்துபோகும், சிலருக்கு ஒரே சமயத்தில் இரண்டு மூன்று முதுகெலும்புகள் நொறுங்கும். கீழே விழாமலே நொறுங்கும்.

அதனால் இந்த ஊசியில் இரண்டு விதிகளுக்கு விலக்கே இல்லை. ஒன்று, அடுத்த ஊசி ஆறு மாதத்தில். கடைசி ஊசியிலிருந்து ஏழு மாதம் தாண்ட விடக்கூடாது. இரண்டு, நிறுத்துவதென்றால் சும்மா நிறுத்தக் கூடாது, அடுத்த ஊசி வரவேண்டிய நேரத்தில் அலெண்ட்ரோனேட் அல்லது ஜோலெட்ரானிக் ஆசிட் (வருடத்துக்கு ஒருமுறை ஏற்றும் டிரிப்) தொடங்கியே ஆக வேண்டும். மகன் வீட்டில் ஆறு மாதம், மகள் வீட்டில் ஆறு மாதம் என்று ஊர் மாறி இருக்கும் அம்மாக்களுக்கு, பணம் இருந்தால் போடலாம் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இந்த ஊசியைத் தொடங்குமுன் நான் இருமுறை யோசிப்பேன்.

இன்னொன்று குளிர்பதனம். 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டிய மருந்து, உறையக் கூடாது. வெளியே எடுத்தபின் 25 டிகிரிக்கு மேல் போகாமல் 14 நாள் வரை தாங்கும் என்கிறார்கள். சித்திரை வெயிலில் நம் வீடுகளில் 25 டிகிரி எங்கே இருக்கிறது? ஊசி போடும் நாளிலேயே ஐஸ் பையோடு வாங்கி வாருங்கள்.

உங்கள் அம்மாவுக்கு முறிவு இல்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, விழுங்குவதில் சிரமம் இருப்பதாகவும் நீங்கள் எழுதவில்லை. மாத்திரையில் தொடங்கியிருப்பது சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது. ஒரு விஷயம் மட்டும் கேட்டுப் பாருங்கள்: இளம் வயதில் இருந்ததைவிட உயரம் 4 செ.மீ. அளவுக்குக் குறைந்திருக்கிறதா? குறைந்திருந்தால் முதுகெலும்பைப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வலியே இல்லாமல் முறிந்த முதுகெலும்பு அதில்தான் தெரியும். தெரிந்தால் சிகிச்சைத் திட்டமே மாறும். டெரிபாரடைட் மாதிரி எலும்பை வளர்க்கும் ஊசியை முதலில் தருவதா என்றுகூட யோசிக்க வேண்டிவரும்.

வைட்டமின் டி பற்றி: 60,000 பாக்கெட் 8 வாரம் முடிந்ததும் மாதம் ஒன்றுக்கு மாறியே ஆக வேண்டும். பழைய சீட்டைக் காட்டி வாரா வாரம் வாங்கிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. அதைவிட மோசம், தினமும் ஒன்று போடுவது. கால்சியம் ஏறி வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல், குழப்பம், சிறுநீரகக் கோளாறு வரை போகும். எட்டாவது பாக்கெட்டோடு நிறுத்தி, மாதத்தின் முதல் தேதி என்று காலண்டரில் குறித்துவிடுங்கள்.

கால்சியம் ஒரு நாளைக்கு மொத்தம் 1000 முதல் 1200 மி.கி. போதும், அதுவும் சாப்பாட்டையும் சேர்த்து. 200 மி.லி. பாலில் சுமார் 240 மி.கி., 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350 மி.கி. இருக்கும். ஒரு மாத்திரையோடு கணக்கு சரியாகிவிடும். இரண்டு மூன்று மாத்திரை போடுவதால் எலும்பு கூடுதலாக வலுப்பதில்லை, சிறுநீரகக் கல் வரும் வாய்ப்புதான் கூடும்.

உடனே மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள்: விழுங்கும்போது வலி, நெஞ்சுக்கு நடுவில் புதிதாக எரிச்சல் அல்லது வலி, கறுப்பாக மலம். கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசினாலும் அப்படியே. வருடங்கள் கழித்து வரக்கூடியது ஒன்று உண்டு: தொடையிலோ தொடை இடுக்கிலோ மந்தமான வலி வாரக்கணக்கில் நீடிப்பது. மூட்டு வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் இரண்டு தொடை எலும்புகளையும் முழுநீளத்துக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். நீண்டகாலப் பயன்பாட்டில் அரிதாகத் தொடை எலும்பில் ஒரு கீறல் விழும். கீறலாக இருக்கும்போதே பிடித்தால் முறிவைத் தடுக்கலாம்.

எத்தனை வருடம்? மாத்திரை என்றால் 5 வருடம் முடிந்ததும் மறுபடி ஸ்கேன் பார்த்து, ஆபத்து குறைந்திருந்தால் ஓய்வு கொடுக்கலாம். இடையில் முறிவு ஏற்பட்டவர்களுக்கும், இடுப்பு டி-ஸ்கோர் இன்னும் -2.5க்குக் கீழே இருப்பவர்களுக்கும் 10 வருடம் வரை தொடர்வதுண்டு. இந்த ஓய்வு மாத்திரைக்கும் ஜோலெட்ரானிக் ஆசிட்டுக்கும் மட்டும்தான். டெனோசுமாபுக்கு ஓய்வு என்று ஒன்று கிடையவே கிடையாது.

---

வைகைக்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. உயரம் அளந்தோம், பழைய அடையாள அட்டையில் இருப்பதைவிட 2 செ.மீ.தான் குறைவு. பல் அடுத்த வாரம் எடுக்கிறோம், ஆறிய பிறகுதான் மாத்திரை. புகையிலை இல்லை.

ஒன்று கேட்க விட்டுப்போனது. அம்மாவுக்கு எதுக்களிப்பு உண்டு, பான்டோபிரசோல் அதற்குத்தான். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனால், ஆறு மாத ஊசி தவிர வேறு வழி இருக்கிறதா?

---

எலும்பு_ஹார்மோன்_மதுரை

இருக்கிறது அம்மா. எதுக்களிப்பு கட்டுக்குள் இருந்தால் மாத்திரையை முயன்று பார்க்கலாம். ஆனால் சாப்பாடு நெஞ்சில் சிக்குவது போல் இருந்தால், உணவுக்குழாய் சுருங்கியிருப்பதாக எண்டோஸ்கோபியில் எப்போதாவது சொல்லியிருந்தால், மாத்திரையைத் தொடங்கவே வேண்டாம். அப்போது ஜோலெட்ரானிக் ஆசிட் 5 மி.கி. வருடத்துக்கு ஒருமுறை டிரிப்பாக ஏற்றலாம். ஒரு தவணை சில மாதம் தள்ளிப்போனாலும் டெனோசுமாப் மாதிரி விபரீதம் இல்லை.

அதற்கு முன் மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும். வைட்டமின் டி ஏறியிருக்க வேண்டும், 14-ல் வைத்துக்கொண்டு ஏற்றினால் கால்சியம் சட்டென்று இறங்கி வாயைச் சுற்றி மரத்துப்போகும், விரல்கள் இழுக்கும். எனவே அந்த 8 வாரப் பாக்கெட்டை முடித்துவிட்டு வாருங்கள். கிரியாட்டினினைப் புதிதாகப் பார்க்க வேண்டும், வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்ட சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 35 மி.லி.க்குக் கீழே என்றால் இந்த மருந்து கூடாது. ஏற்றும் நாளில் காலையிலிருந்து நன்றாகத் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். டிபன், காபி எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம்.

முதல் தடவை ஏற்றியபின் சுமார் மூன்றில் ஒருவருக்கு மறுநாள் காய்ச்சல், உடம்பு வலி, ஃப்ளூ மாதிரி இருக்கும். மூன்று நாளில் அடங்கிவிடும், பாராசிட்டமால் போதும். அடுத்த வருடம் இந்த அளவுக்கு வராது. காய்ச்சலைப் பார்த்துப் பயந்து ஆன்டிபயாடிக் ஆரம்பித்துவிடாதீர்கள்.

---

மருந்தாளுநர்_நாகை

இதோடு ஒன்று சேர்க்கிறேன். ஜோலெட்ரானிக் ஆசிட் கடையில் இரண்டு அளவில் வருகிறது. 4 மி.கி. புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கானது. எலும்புப்புரைக்கு 5 மி.கி., பெரும்பாலும் 100 மி.லி. பாட்டிலில் கலந்தே வரும். பாட்டிலை வாங்கும்போது லேபிளில் 5 என்று இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை படியுங்கள். ஏற்றும் நேரம் 15 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, வேகமாக ஏற்றினால் சிறுநீரகத்துக்குக் கெடுதி. கால்சியம் கலந்த ரிங்கர் லாக்டேட் டிரிப் ஓடிக்கொண்டிருக்கும் அதே குழாயில் இதைக் கோக்கக் கூடாது என்று நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.